வண்டியைக் கொஞ்சம் குனியச் சொல்லுங்க

ராணுவம் கழித்துவிட்ட பிக்கப் வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றபோது, தேன்காரி முதலில் தேடியது அதன் சாவியைத்தான்.

"சாவி எங்கங்க?"

"கிடையாது" என்றார் அவள் கணவர் சலூன்காரர், அதைத் தானே கண்டுபிடித்தவர் போல. "இந்த சுவிட்சைத் திருப்பினாப் போதும். சண்டை நடக்கிற இடத்துல நின்னுக்கிட்டு எவன் சாவியைத் தேடுவான்?"

"அப்போ திருடன் வந்தா?"

"இந்த ஸ்டீயரிங்கைத் திருப்புற தெம்பு ஒரு திருடனுக்கு இருந்துச்சுன்னா, நானே அவனுக்குக் கை கொடுப்பேன்!"

தேன்காரி சுற்றி வந்து பார்த்தாள். வெளிறிப்போன பச்சைப் பெயின்ட். கதவில் பாதி சுரண்டப்பட்ட வெள்ளை எண்கள். பலகைக்கும் சீட்டுக்கும் வித்தியாசமே இல்லை. கணவரையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். தெருவில் கிடந்த சின்னக் கல் மேல் ஏறியதற்கே இருவர் தலையும் கூரையில் இடித்தன.

"குண்டுப் பெட்டி சுமக்கிறதுக்குன்னு பண்ண பட்டை ஸ்பிரிங்மா இது" என்றார் வெல்டரான அவளுடைய அண்ணன், வண்டிக்கு அடியில் படுத்தபடி. "வெறுமனே ஓட்டினா குதிக்கத்தான் செய்யும். பாரம் ஏத்து, பசு மாதிரிப் போகும்."

அவளுக்குப் பாரம் இருந்தது. நாற்பது தேனீப் பெட்டிகள். மலை மேலே ஒரு பெரிய பழத்தோட்டம். பூக்கும் காலத்தில் பெட்டிகளை அங்கே கொண்டுபோய் வைத்தால் ஒரு வருடத் தேன் சேர்ந்துவிடும். ஆனால் பாதை முழுக்கப் பாறையும் சேறும். போன வருடம் வாடகை வேன் மூன்றாவது வளைவிலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டது. அதை இழுத்து வெளியே போடுவதற்குள் மழை வந்து பூவெல்லாம் கொட்டிப்போனது. தேன்காரி வருடம் முழுக்கச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தேனீக்களைக் காப்பாற்றினாள்.

"அடுத்த வருஷமும் மலை ஏற முடியலேன்னா பெட்டிகளை வித்துடுவேன்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். "உங்க கூட நானும் கத்தரிக்கோல் பிடிக்கிறேன்."

அவள் அழாமல் சொன்னதுதான் சலூன்காரரை என்னவோ செய்தது. ராணுவ வண்டி ஏலம் எங்கே நடக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

வாங்கியதோடு விட்டிருக்கலாம். வண்டியைக் கடைக்குப் பின்னால் இருந்த வாடகைக் கிடங்கில் நிறுத்தியதுதான் வினையானது. சலூன் நாற்காலியில் உட்கார்ந்தவன் தலையை ஆட்ட முடியாது. அதற்கும் சேர்த்து வாயை ஆட்டுவான்.

"பாறை மேல ஏறணும்னா பாடியைத் தூக்கணும்" என்றார் ஜிம் மாஸ்டர்.

"இந்தச் சின்ன டயரை வச்சிக்கிட்டா மலை ஏறப் போறீங்க?" என்றார் பல் டாக்டர்.

"பனி மூடினா கண்ணு தெரியாது. கூரை மேல வரிசையா லைட் போடுங்க" என்றார் ஒல்லியான தபால்காரர், தன் பங்குக்கு.

ஒவ்வொரு யோசனைக்கும் சலூன்காரர் பாதி முடியை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினார். அண்ணன் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டைகளை வைத்துப் பற்ற வைத்தார். ஏலம் விட்ட கிடங்கிலேயே பெரிய டயர்கள் கிடைத்தன. பழையதைக் கொடுத்துவிட்டுச் சலூன்காரர் அவற்றை உருட்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, பாறை இடிக்கக் கூடாது, பெட்டி குலுங்கக் கூடாது. எனக்கு அவ்வளவுதான் வேணும்" என்றாள் தேன்காரி.

"என்கிட்ட ஏம்மா சொல்றே? மாப்ளே கேக்கிறார், நான் பத்த வைக்கிறேன்."

சனிக்கிழமை தோட்டக்காரர் போன் செய்தார். "மொட்டு உடைஞ்சிடுச்சும்மா. நாளைக்கே வந்துடுங்க. வானம் வேற ஒரு மாதிரியா இருக்கு."

அன்று மாலை தேனீக்கள் கூடு திரும்பியதும், தேன்காரி ஒவ்வொரு பெட்டி வாசலையும் கம்பி வலையால் அடைத்தாள். ஞாயிறு விடிந்ததும் கிடங்குக்கு வந்தாள். அவசரம் என்று வந்த பல் டாக்டருக்கு முகம் முழுக்க நுரை பூசிவிட்டுச் சலூன்காரரும் பின்பக்கம் ஓடி வந்தார். அண்ணன் ஜாக்கியை இறக்கினார். வண்டி முதல் தடவையாகப் பெரிய டயரில் கம்பீரமாக நின்றது. ஷட்டரைத் தூக்கினார்கள். தேன்காரி சுவிட்சைத் திருப்பி வண்டியை நகர்த்தினாள்.

டங்!

கூரை விளக்கு, வாசலுக்கு மேலே இருந்த இரும்பு உத்தரத்தில் மோதியது. விளக்குகளைக் கழற்றினார்கள். விளக்கு மாட்டிய சட்டத்தையும் கழற்றினார்கள். அப்படியும் கூரை உத்தரத்தை விட நாலு விரல் மேலே நின்றது.

"வாசல் சின்னதாயிடுச்சு போல" என்றார் சலூன்காரர்.

"ஆமா, ராத்திரி சுருங்கிடுச்சு" என்றாள் தேன்காரி. "அளந்து பார்க்கணும்னு ஒருத்தருக்கும் தோணலையா?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். பற்ற வைத்ததை எல்லாம் பிரிக்க இரண்டு நாள் வேண்டும். உத்தரத்தின் மேல் கிடங்குக்காரரின் படுக்கையறை. அவர் குறட்டை கீழே வரை கேட்டது. உத்தரத்தை அறுக்க முடியாது.

இரவே கொண்டுவந்திருந்த அடைத்த பெட்டிகள் கிடங்குச் சுவர் ஓரமாக அடுக்கப்பட்டிருந்தன. தேன்காரி ஒன்றின் மேல் கை வைத்தாள். உள்ளே ரீங்காரம் கூடியிருந்தது. பலகை வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் ஏறினால் உள்ளேயே வெந்துவிடும். இங்கேயே திறந்துவிட்டால் உயிர் பிழைக்கும். ஆனால் வண்டியைப் பிரித்து முடிப்பதற்குள் மழை வந்து, இந்த வருடப் பூவும் போய்விடும்.

"இரு, இரு!" சலூன்காரர் குதித்தார். "டயர்ல காத்தைப் பிடுங்கிட்டா?"

நாலு டயரும் புஸ்ஸென்று மூச்சு விட்டன. வண்டி இறங்கியது. இரண்டு விரல் இறங்கியதும் சட்டென்று நின்றுவிட்டது.

"உள்ளே கெட்டி ரப்பர் வளையம் இருக்கு மாப்ளே" என்றார் அண்ணன். "குண்டு பட்டாலும் ஓடற டயர். நீங்க காத்தைப் பிடுங்கினதுக்கெல்லாம் அசருமா?"

அதற்குள் கடை முன்னால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சேர்ந்துவிட்டது. என்ன சத்தம் என்று பார்க்க ஜிம் மாஸ்டர் பின்பக்கம் வந்தார். வண்டியின் பின்பலகையில் வசதியாக ஏறி உட்கார்ந்தார்.

"நான் அப்பவே சொன்னேன், வாசலை அளந்துக்கோங்கன்னு."

"நீங்க எங்கே சொன்னீங்க? இன்னும் தூக்கு, இன்னும் தூக்குன்னுதானே சொன்னீங்க?" என்று சலூன்காரர் எகிறினார்.

தேன்காரி இரண்டு பேரையும் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர், எந்திரிங்க."

எழுந்தார்.

"உக்காருங்க."

உட்கார்ந்தார். "என்னம்மா, எனக்கே எக்சர்சைஸ் சொல்லித் தர்றியா?"

நூல் அளவுதான். ஆனால் அவர் உட்கார்ந்தபோது கூரை இறங்கியிருந்தது. பாரம் ஏத்து, பசு மாதிரிப் போகும்! பெட்டிகளை ஏற்றினால் அடுக்கே கூரையைத் தாண்டிவிடும்; குனியத் தெரிந்த பாரம் வேண்டும்.

தேன்காரி விறுவிறுவென்று கடை முன்னால் போனாள். "வண்டியை உயரமாக்கணும்னு யோசனை சொன்னவங்க எல்லாரும் எந்திரிங்க!"

ஒருவரும் அசையவில்லை. ஒரே செய்தித்தாளுக்குள் நாலு பேர் ஒளிந்துகொண்டார்கள்.

"சரி. இனிமேலும் இந்தக் கடையில முடி வெட்டிக்கணும்னு நினைக்கிறவங்க எந்திரிங்க."

மொத்தக் கடையும் எழுந்தது.

வண்டியின் பின்பக்கம் கூட்டமாக ஏறிக் குந்தினார்கள். பின்பக்கம் மட்டும் தாழ்ந்து முன்பக்கம் தூக்கியதால், ஜிம் மாஸ்டரையும் நுரை முகத்தோடு இருந்த பல் டாக்டரையும் பானெட் மேல் உட்கார வைத்தாள். தபால்காரரும் ஒரு காலைத் தூக்கி வைத்தார்.

"நீங்க எதுக்குங்க? காத்து ஏறின மாதிரிதான் இருக்கும்" என்றார் அண்ணன்.

"லைட் போடச் சொன்னது நான்தானப்பா. என் பாவத்துக்கு நான் ஏற வேண்டாமா?"

தேன்காரி உள்ளே உட்கார்ந்தாள். முன்னால் இரண்டு முதுகுகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"வா... வா... கொஞ்சம் இடது" என்று சலூன்காரர் வெளியே நின்று கத்தினார். "எல்லாரும் தலையைக் குனிங்க! யாரும் மூச்சு விடாதீங்க!"

"மூச்சைப் பிடிச்சா வெயிட் கூடுமா, குறையுமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"பேசினாக் குறையும்!"

கிர்ர்ரென்று ஒரு சத்தம். பச்சைப் பெயின்ட் சுருள் சுருளாக உதிர்ந்து பல் டாக்டரின் நுரையில் ஒட்டியது. தேன்காரி ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுக்கவில்லை. சத்தம் நின்றது. முதுகுகளின் ஓரத்தில் வெளிச்சம் அடித்தது. வெளியே வந்துவிட்டாள்.

கைதட்டிக்கொண்டே எல்லோரும் இறங்க, வண்டி சோம்பல் முறித்து எழுந்தது. யாரும் சொல்லாமலே அதே ஆட்கள் வரிசையில் நின்று பெட்டிகளைக் கைமாற்றி ஏற்றினார்கள். டயருக்குக் கொஞ்சமாகக் காற்று அடித்தார்கள். சேற்றுக்கு அது போதும் என்றார் அண்ணன்.

பாரத்தோடு வண்டி குதிக்கவே இல்லை. பாறைகள் அடியில் தொடாமல் நழுவின. மூன்றாவது வளைவு வந்தது. போன வருடம் மாதிரியே சேறு. தேன்காரி நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் நெம்புகோலைத் தள்ளினாள். பக்கத்து சீட்டில் சலூன்காரர் கண்களை மூடிக்கொண்டார்.

"திறக்கலாம்" என்றாள் அவள். "நாலாவது வளைவும் தாண்டியாச்சு."

தோட்டம் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. நிழலில் பெட்டிகளை இறக்கி வலைகளை எடுத்தாள். முதலில் ஒன்று வந்தது. வாசலில் நின்று யோசித்தது. பிறகு கொத்துக் கொத்தாக வெளியே பாய்ந்தன. தேன்காரி சேற்றுக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சலூன்காரர் அதைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் போன் அடித்தது. பல் டாக்டர்.

"நுரை காய்ஞ்சு போச்சு சலூன்காரரே! எப்ப வர்றீங்க?"

"அய்யோ!" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதற்குள் போன் அங்கே ஜிம் மாஸ்டர் கைக்கும் இங்கே தேன்காரி கைக்கும் மாறியது. "ஏம்மா தேன்காரி, வெளியே கொண்டு போயிட்டே, சரி. திரும்ப எப்படி உள்ளே விடுவே?"

"தேனோட வந்தா அதுவே குனியும் மாஸ்டர்."

"தேன் கம்மியா இருந்தா?"

தேன்காரி மரங்களை ஒரு தடவை பார்த்தாள். பூவுக்குப் பூ ஆள் உட்கார்ந்திருந்தது.

"கம்மியா இருக்காது. இருந்தாலும் உடம்பைக் குறைச்சுடாதீங்க."