அங்க என்றால் எங்கே?

என்னை ஓவியராக்கியது தான்தான் என்று என் கணவர் சுந்தரலிங்கம் கண்டி முழுக்கச் சொல்லித் திரிகிறார். கலியாணமான மூன்றாம் நாள் என் வர்ணப் பெட்டியைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்தவரும் அவர்தான். எண்ணெய் வாடையில் தலைவலிக்கிறது என்றார். முப்பத்தைந்து வருஷத்தில் அந்தப் பெட்டியின் மேல் ஒரு பழைய சூட்கேஸ் ஏறியது, அதன்மேல் ஓடாத மின்விசிறி ஒன்று ஏறியது. இப்போது யாராவது கேட்டால், திறமை எங்கும் போய்விடாது என்று தனக்கு அப்போதே தெரியும் என்கிறார். தலைவலியைப் பற்றி வாயே திறப்பதில்லை.

நான் அரசாங்கக் கச்சேரியில் பிறப்பு இறப்புப் பதிவு செய்யும் பகுதியில் கிளார்க்காக இருந்து அறுபதாவது வயதில் ஓய்வு பெற்றேன். இனி நேரம் பார்க்க வேண்டியதில்லை என்று வீட்டுக்கு அனுப்பும் ஒருத்திக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசு கொடுத்தார்கள். அதை மாட்ட ஆணி தேடப்போய்த்தான் அந்தப் பெட்டியை இறக்கினேன். வர்ணக் குழாய்கள் கல்லாகிக் கிடந்தன. தூரிகைகளில் பாதியைக் கரப்பான் தின்றிருந்தது. கடிகாரத்தை மேசையிலேயே விட்டுவிட்டு மறுநாள் காலை டவுனுக்குப் போய்ப் புது வர்ணம் வாங்கி வந்தேன்.

முதலில் வரைந்தது அவரைத்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்து சாய்வுக் கதிரையில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். அச்சு அசலாக வந்தது. எழுந்து பார்த்தவர், இது யார் என்று கேட்டார். சொன்னதும், வாயை மூடி வரைந்திருக்கலாமே என்றார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இந்தத் தொழிலைப் பற்றி நான் கற்றுக்கொண்ட முதல் விஷயம் அது.

உயிரோடிருப்பவர்களை எங்கள் ஆட்கள் போன் கமராவில் பிடித்துக்கொள்வார்கள். கையால் வரையச் சொல்வது செத்தவர்களைத்தான். அதனால் ஓய்வு பெற்றும் எனக்குப் பெரிய மாற்றமில்லை, கச்சேரியில் பதிந்த அதே கூட்டம்தான் வந்தது. ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே ஒரு எழுத்து பிழைத்தாலும் சத்தியக்கடதாசி கேட்போம். இங்கே முகம் பிழைத்தால்தான் சனங்களுக்குச் சந்தோஷம். கறுப்பாக இருந்த அம்மா சிவக்க வேண்டும். சப்பை மூக்கு நிமிர வேண்டும். பேராதனையிலிருந்து வந்த ஒருவர், உயிரோடு இருந்தவரைக்கும் பெண்சாதிக்கு ஒரு மூக்குத்தி வாங்கிக் கொடுத்தவரில்லை, படத்தில் அட்டிகை போடச் சொன்னார். வர்ணத்தில் தங்கம் மலிவுதானே. போட்டுக் கொடுத்தேன்.

ஆர்டர்கள் கூடக் கூட என் கணவர் தன்னைத் தானே மனேஜராக நியமித்துக்கொண்டார். வாடிக்கையாளர் முன்னால் என்னை மேடம் என்பார், சோறு கேட்கும்போது மட்டும் அங்கம்மா. அந்தப் பெயர்தான் அவருக்குப் பிரச்சினையாக இருந்தது. அங்கம்மா என்று படத்தில் எழுதினால் லயத்து ஆள் என்று நினைப்பார்கள், யாரும் மதிக்க மாட்டார்கள் என்றார். நான் லயத்து ஆள்தான். கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் ஆறாம் நம்பரில் பிறந்தவள், கொழுந்தெடுத்த முருகாயியின் மகள். ஆனாலும் 'அங்க' என்று சுருக்கி, க-வின் வாலைக் கொஞ்சம் நீட்டி விட்டால் ஸ்டைலாக இருக்கும் என்று அவர் சொன்னபோது நான் மறுக்கவில்லை. ஐந்நூறு விசிட்டிங் கார்டும் அடித்து வந்தார்.

எனக்குள் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். பொய் முகத்துக்குக் கீழே என் முழுப்பெயரை எதற்கு வீணாக்க வேண்டும்? உள்ளதை உள்ளபடி என்றைக்கு ஒரு முகம் வரைந்து கொடுக்கிறேனோ அன்றைக்கு அங்கம்மா என்று எழுதுவேன். அந்த ஒரு படத்துக்காகத்தான் இத்தனையும் வரைகிறேன் என்று நினைத்துக்கொள்வேன். இருபத்தாறு படம் முடிந்திருந்தது. இருபத்தாறிலும் 'அங்க'தான். அங்க என்றால் எங்கே என்று கேட்காத ஆளில்லை. சிரித்து மழுப்புவேன்.

மனேஜரின் இன்னொரு கண்டுபிடிப்பு கண் திறப்பு. கோயிலில் சிலைக்குக் கடைசியாகக் கண் திறப்பார்களே, அதைப்போலப் படத்தை வீட்டில் மாட்டி, சொந்தக்காரர்களைக் கூட்டி, எல்லாரும் பார்க்க நான் கண்ணுக்குள் கருமணியை வைக்க வேண்டும். அவர் பக்கத்தில் சாம்பிராணித் தட்டோடு நிற்பார். கண்டியில் வேறு எந்த ஓவியருக்கும் இந்த வசதி இல்லை என்று சொல்லியே ஆர்டர் பிடித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. சனங்கள் கண்ணில் நீர் வைத்துக்கொண்டார்கள்.

இருபத்தேழாவதாக வந்தவர் கெலிஓயாவில் இரும்புக் கடை வைத்திருக்கும் கணேஸ். கையில் அம்மாவின் அடையாள அட்டை. பழைய அட்டையில் முகம் பாதி அழிந்திருந்தது. பெயரைப் படித்தேன். மாரியாயி. என் அம்மாவோடு ஒரே மலையில், பக்கத்துத் தேயிலை நிரையில் கொழுந்தெடுத்தவள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எனக்கும் ரொட்டி பிய்த்துக் கொடுத்தவள். கணேஸ் அப்போது கைக்குழந்தை, என்னை ஞாபகமிருக்க நியாயமில்லை. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அட்டையே தேவைப்படவில்லை. வெறும் ஞாபகத்தில் பத்து நாளில் வரைந்தேன். ஒட்டிய கன்னம், வெற்றிலைக் கறை, எதையோ சொல்லிச் சிரிக்கப் போகிற வாய். உச்சந்தலையில் அந்தத் தடத்தையும் போட்டேன். கொழுந்துக் கூடையின் கயிறு தலையில்தான் தொங்கும். முப்பது நாற்பது வருஷம் ஒரே இடத்தில் தொங்கினால் அங்கே முடி போய், வாய்க்கால் மாதிரி ஒரு கோடு பள்ளமாக விழுந்துவிடும். என் அம்மாவுக்கு எண்ணெய் வைக்கும்போதெல்லாம் என் விரல் அதில் போய் நிற்கும். படத்தை முடித்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முழுப்பெயர் எழுதத் தூரிகையைக்கூடக் கழுவி வைத்தேன்.

கணேஸ் வந்து பார்த்தார். வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"மேடம், அம்மா தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்தாங்கன்னுதான் இங்க எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கேன். ஒரு கண்ணாடி போட்டுருங்க. கையில ஒரு புஸ்தகம். தலையில அந்தக் கோடு வேணாங்க."

பெருவிரல் ரேகை வைத்துச் சம்பளம் வாங்கிய மாரியாயிக்குப் புஸ்தகம். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வாயில் வந்தது என்னவோ, "சரி, போட்டுறலாம்" என்பதுதான். மனேஜர் பின்னால் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

கன்னத்தை நிரப்பினேன். சிவப்பாக்கினேன். தங்க விளிம்புக் கண்ணாடி போட்டேன். தலைக்கு வந்தபோது மட்டும் கை கேட்கவில்லை. கறுப்பைத் தடிப்பாக அப்பி, ஈரத்திலேயே தூரிகையின் பின்பக்கக் கட்டையால் அந்தத் தடத்தை அழுத்திக் கீறினேன். அது காய்ந்த பிறகு அதே கறுப்பால் மேலே மெல்லியதாக முடியை வாரிவிட்டேன். பார்த்தால் அடர்ந்த கூந்தல். பள்ளம் அடியில் இருந்தது. பெரிய மனசில் செய்ததில்லை, வீம்புதான். அதோடு கீழே 'அங்க' என்று போட்டு, வாலை நீட்டிவிட்டேன்.

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்றைக்கே கண் திறப்பையும் வைத்தார் கணேஸ். மண்டபம் மாதிரி ஹோல், மார்பிள் தரை, வெள்ளைத் துணி போர்த்திய கதிரைகள். கண்டியிலிருந்து கடைக்காரர்களும் பேங்க் மனேஜரும் வந்திருந்தார்கள். தோட்டத்திலிருந்து ஒரு வேன் ஆட்களும் வந்திருந்தார்கள். அவர்களைப் பின்பக்கம் சமையலறையோடு உட்கார வைத்திருந்தார்கள். படத்தை மூடியிருந்த துணியை விலக்கியதும் எல்லாரும் அப்படியே டீச்சரம்மா என்றார்கள். மாரியாயியைக் கண்ணால் கண்டிராதவர்கள்தான் அதிகம் உருகினார்கள். நான் வலது கண்ணில் கருமணி வைத்தேன். என் கணவர் சாம்பிராணியைச் சுற்றினார்.

அப்போதுதான் கணேஸின் அக்கா பூவாயி சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே வந்தாள். இரண்டு கண்ணிலும் பூ விழுந்து பல வருஷம். அம்மா படத்தைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்றாள். கை பட்டால் அழிந்துவிடும், அக்காவுக்குக் கண் தெரியாது என்று கணேஸ் வந்தவர்களுக்குச் சமாதானம் சொன்னார். அவள் அதற்குள் படத்தில் கை வைத்துவிட்டாள். கன்னத்தைத் தடவினாள், முகம் சுருங்கியது. கண்ணாடி விளிம்பில் விரல் இடறியது. கையை எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். விரல் மேலே ஏறியது. உச்சந்தலையில் நின்றது. அந்தப் பள்ளத்தில் முன்னும் பின்னும் இரண்டு தரம் போய் வந்தது.

"கூடக் கயிறு கெடந்த எடம்," என்றாள். மலையில் கூப்பிட்டுப் பழகிய குரல், ஹோல் முழுக்கக் கேட்டது. "அம்மாதாண்டா."

"அக்கா, ஒனக்குக் கண்ணு தெரியல. சும்மா இரு."

"கண்ணுதாண்டா தெரியல. வெரலு தெரியுது."

பேங்க் மனேஜர் தன் சப்பாத்தைக் கழற்றி வைத்த இடத்தைத் தேடுவதுபோல வாசலைப் பார்த்தார். கணேஸின் முகத்தைப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். நல்லா வேணும் என்று நினைத்தேன். அது ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

படத்தை வரைந்தது யார் என்று பூவாயி கேட்டாள். என் கணவர் முந்திக்கொண்டு, அங்க மேடம் என்றார்.

"அங்கன்னா எங்க?"

நான்தான் வரைந்தேன் என்றேன். அவள் என் குரல் வந்த பக்கம் திரும்பிக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முருகாயி கொரலு. ஆறாம் லயத்து முருகாயி மவ அங்கம்மால்ல நீயி? அங்கன்னு சொல்றாரே. மிச்சத்த எங்க ஆத்தா?"

கேலியாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். எனக்குச் செவிட்டில் அறைந்தது போலிருந்தது. பொய் முகத்துக்கு முழுப்பெயர் எதற்கு என்று எத்தனை நாள் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். ஆறாம் நம்பர் லயம் வெளியே தெரியக்கூடாது என்பதுதான் காரணம். கணேஸ் தன் அம்மாவின் தலையில் முடியை வரையச் சொன்னார். நான் என் அம்மா வைத்த பெயரில் பாதியை வெட்டி வாலை நீட்டினேன். அவராவது வீட்டுக்கு வந்து வெட்கப்பட்டுக் கேட்டார். நான் ஸ்டைல் என்று சொல்லிக்கொண்டேன்.

தூரிகையில் இடது கண்ணுக்கான கறுப்பு இருந்தது. குனிந்து, 'அங்க' என்பதன் பக்கத்தில் 'ம்மா' என்று எழுதினேன். நீட்டிவிட்ட வால் குறுக்கே வந்தது, அதன்மேலேயே எழுதினேன். கோணல்தான். என்ன செய்கிறீர்கள் மேடம் என்று கணேஸ் பதறினார்.

"ஒங்க அம்மாவோட பக்கத்து நெரையில எங்க அம்மாதான் கொழுந்தெடுத்தாங்க," என்றேன். "ரெண்டு பேரு தலையிலயும் அந்தக் கோடு இருந்துச்சு."

பின்கட்டிலிருந்த தோட்டத்து ஆட்கள் ஒவ்வொருவராக ஹோலுக்குள் வந்துவிட்டிருந்தார்கள். யாரும் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. தூரிகையை மறுபடி தோய்த்து இடது கண்ணையும் திறந்துவிட்டேன்.

 வீட்டுக்கு வந்ததும் என் கணவர் அலுமாரியைத் திறந்து விசிட்டிங் கார்டு கட்டுகளை எடுத்து மேசையில் போட்டார். முந்நூற்றுச் சொச்சம் மிச்சமிருக்கிறது, இதையெல்லாம் என்ன செய்வது என்றார். மிச்சத்தை நான் பேனையால் எழுதிக்கொள்கிறேன் என்றேன்.

தினமும் காலையில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். எழுதும்போது வாய் தானாக முணுமுணுக்கிறது. ம்மா, ம்மா, ம்மா. மனேஜர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, மாடு கத்துகிற மாதிரி இருக்கிறது என்றார்.

முப்பத்தைந்து வருஷம் வாய் கட்டி வைத்த மாடு அவிழ்த்துவிட்டதும் கத்தத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு, அடுத்த கார்டை எடுத்தேன்.