சாய்வாக விழும் பந்து

காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, பத்து மாதமாக ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. பாஸ் இல்லாமல் ஒரு பயல் வெளியே போக முடியாது. கைப்பந்தில் கோலா சாவா தோட்டத்தை ஜெயித்தால் பகாவ் டவுனில் நடக்கும் போட்டிக்கு லாரியும் ஏழு பாசும் தருகிறேன் என்று துரை சொன்னதும் தொழிலாளர் லயமே துள்ளியது. ஆறு ஆட்டக்காரர், புள்ளி எழுத ஒருவர்.

எழுதுவது பெர்னதெத். வயது பதினாறு, பார்வை மட்டும் கங்காணிப் பார்வை. பகாவ் கடைவீதியை நினைத்தே அவளுக்கு நாலு நாளாய்ச் சோறு இறங்கவில்லை. அணித்தலைவனான அவள் அண்ணன் எட்மண்டுக்கும் அதே பைத்தியம்.

முதல் செட் போயிற்று. எதிரி அடித்தது எங்கே விழுந்தாலும் பெர்னதெத் தாளில் குறித்திருந்தாள். பத்தொன்பதில் பதினான்கு, அடிக்கிறவனுக்கு வலது, இவர்களுக்கு இடது பின்மூலையில்! அத்தனை பேரும் பால் வெட்டுகிறவர்கள். தினமும் முந்நூறு மரத்தில் இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்த்து இழுக்கிற கை, பந்தை மட்டும் நேராக அடிக்குமா?

"அண்ணே, அந்த மூலைல ரெண்டு பேரு நில்லுங்கலா!"

நின்றார்கள். இரண்டாவது செட் கைக்கு வந்தது. மூன்றாவதில் கோலா சாவாக்காரர்களும் தங்கள் இடது மூலையில் இரண்டு பேரை நிறுத்தினார்கள். அவர்கள் மட்டும் முட்டாள்களா என்ன? இங்கிருந்து போன பந்தெல்லாம் அங்கேதான் போய் மாட்டியது.

அந்தப் பக்கம் சாயாத கை தோட்டத்தில் ஒன்றே ஒன்று, இடதுகைக்காரன் சன்னாசியுடையது. பட்டையைத் தலைகீழாய் வெட்டுகிறான் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவனைப் புல்வெட்டுக்குத் துரத்தியிருந்தார். அவனை இறக்கலாம். ஆனால் ஒருவர் வெளியே வரவேண்டும், வந்தவருக்குப் பாஸ் இல்லை. தங்கள் ஆட்கள் அடித்ததையும் பெர்னதெத் பெயர் பெயராகக் குறித்திருந்தாள்; அதிகம் சாய்ந்தது அண்ணன் கைதான். சொன்னால் அண்ணன் போக முடியாது. சொல்லாவிட்டால் யாருமே போக முடியாது.

"அண்ணே, நீதான் ரொம்பச் சாய்க்கிற. சன்னாசிய எறக்கு."

எட்மண்ட் முறைத்தான். தாளைப் பிடுங்கிப் பார்த்தான். அவன் பெயருக்கு நேரே ஒன்பது அடி, ஒன்பதும் ஒரே மூலையில். வெளியே வந்து உட்கார்ந்தான்.

சன்னாசி அடித்ததெல்லாம் ஆளில்லாத வலது மூலையில் விழுந்தது. பதினைந்துக்குப் பன்னிரண்டு, ஜெயித்தாயிற்று!

பாஸ் எழுத உட்கார்ந்த ஆபீஸ் கிராணி ஆறு ஆட்டக்காரர் பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்தார். "ஏழாவது?"

"அண்ணன் பேர எழுதுங்க, ஐயா." பெர்னதெத் அழுதேவிட்டாள்.

"போடி லூசு," என்றான் எட்மண்ட். "ஒன்பது தடவ அடிச்சேன், எங்க விழுதுன்னு எனக்கே தெரியல. நான் போயி என்னத்த எழுதப் போறேன்? இவ பேரையே எழுதுங்க, ஐயா."

ஞாயிற்றுக்கிழமை பெர்னதெத் ஏறிய லாரி கேட்டைத் தாண்டியது. எட்மண்ட் முள்கம்பிக்கு உள்பக்கமாகக் கூடவே ஓடிவந்தான், கம்பி திரும்புகிற இடம்வரை.