கரிச்சட்டியின் மகள்

கோழியின் இடது இறக்கையை விரித்துப் பார்த்தாகிவிட்டது. வலதையும் பார்த்தாகிவிட்டது. கழுத்து, மார்பு, முதுகு என்று இறகுகளை விரலால் தள்ளித் தள்ளித் தேடினாள். எங்கேயாவது ஒரு குறை இருந்தே ஆகவேண்டும். ஒவ்வொரு வெள்ளை இறகைச் சுற்றியும் மையில் தோய்த்து இழுத்த மாதிரி கறுப்பு விளிம்பு. நடுவில் ஒரு புள்ளி அழுக்கில்லை. கடைசியாக, எந்த நல்ல கோழியும் மாட்டிக்கொள்கிற இடமான வாலடியில் தூவியை ஊதிப் பார்த்தாள். அங்கேயும் சுத்தமாக இருந்தது. கோழி அவள் மடியில் சொந்த வீடு போலக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது.

"என்ன அண்ணி, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்க?"

"நல்லாதான் இருக்கு" என்றாள்.

கேட்டவள் அவள் கணவனின் தங்கை. நாற்பது தாண்டி, ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பொறுப்பான வேலையில் இருந்தும் குடும்பத்தில் அவளுக்குப் பெயர் இன்னும் பாப்பாதான். அடுத்த தெருவில் வீடு. அந்தப் பின்கட்டில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் துணி காயப்போடும் கொடி மட்டும்தான் இருந்தது.

அண்ணி அப்படியல்ல. கல்யாணமான புதிதிலிருந்தே விளிம்புக் கோழி வளர்க்கிறவள். வேலையும் கண்ணை வைத்துத்தான்: கண்ணாடிக் கடையில் லென்ஸ் விளிம்பு தேய்க்கிறாள். மயிரிழை பிசகினாலும் தெரிந்துவிடும். கோழிக் கண்காட்சியில் வரியும் புள்ளியும் விளிம்புமாக வருகிற கோழிகளுக்கான முதல் பரிசு வருஷா வருஷம் அவள் வீட்டுக்குத்தான் வரும். ஆனால் அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது. நாலைந்து தலைமுறையாக அவள் கோழிகளில் விளிம்பு மெலிந்துகொண்டே வந்தது. எந்தச் சேவலோடு எந்தப் பெட்டையைச் சேர்த்தாலும் கறுப்பு வெளிறியது. அந்தச் சமயத்தில்தான் அடுப்பில் விழுந்து எழுந்த மாதிரி மேலெல்லாம் கறுப்பாக ஒரு சேவல் பிறந்தது. கரிச்சட்டி என்று பெயர் வைத்து, "பொழுதுபோக்குக்கு ஒண்ணு குடுங்க அண்ணி" என்று கேட்டு வந்த பாப்பாவிடம் தள்ளிவிட்டாள். பாப்பா ஒன்றும் தெரியாமல், யாரோ கொடுத்த வெளிறிய பெட்டைகளோடு அதை அடைத்தாள். அதிகக் கறுப்பும் குறைந்த கறுப்பும் சேர்ந்து, அளந்து வைத்தாற்போல, மடியில் இருந்த இந்தப் பெண் பிறந்துவிட்டது. அந்தச் சேர்க்கை தனக்குத் தோன்றவில்லையே. மருந்து தேடி ஊரெல்லாம் அலைந்தவள், மருந்தைக் கூண்டோடு தூக்கித் தானே கொடுத்திருக்கிறாள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது கணவன் அந்தப் பேச்சைத்தான் எடுத்தான்.

"நம்ம பாப்பாவுக்குக் கைராசியப் பாரேன். நீ வேணாம்னு தள்ளின சேவல்தானே அது?"

"ஆமா."

"இந்த வருஷம் உனக்கு ரெண்டாவதுதான் போல" என்று சிரித்தான். அவன் கேலியாகத்தான் சொன்னான். அவள் எழுந்து போய், ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை இன்னொரு முறை கழுவினாள். பாப்பா மேல் அவளுக்கு எப்போதும் பிரியம் உண்டு. தனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் ராத்திரி பகல் பாராமல் பக்கத்தில் இருந்தவள் பாப்பா. அதையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். நினைக்க நினைக்க எரிச்சல்தான் கூடியது. நல்லவளாகவும் இருந்து, நல்ல கோழியும் வைத்திருந்தால் எப்படி?

கண்காட்சிக்குச் சில வாரம் இருக்கும்போது பாப்பாவின் கணவருக்குச் சிறுநீரகத்தில் கல் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. பாப்பா வீட்டுச் சாவியோடு வந்தாள்.

"காலைல சாயங்காலம் தீனி வெச்சாப் போதும் அண்ணி. அவளை மட்டும் வெயில்ல விட்டுடாதீங்க. வெள்ளை பழுப்பேறிடும். நான் சொல்லணுமா, நீங்க சொல்லிக் குடுத்ததுதானே."

முதல் நாள் எல்லாம் ஒழுங்காகச் செய்தாள். மறுநாள் கூண்டைக் கூட்டும்போது, வெயிலுக்கு மறைப்பாகக் கட்டியிருந்த தார்ப்பாயைச் சுருட்டி மேலே கட்டினாள். கொஞ்சம் காற்று வரட்டும் என்றுதான். கட்டியதை அவிழ்க்காமல் வேலைக்குப் போய்விட்டாள். கடையில் சக்கரத்தில் லென்ஸைப் பிடித்திருக்கும்போது, இப்போது வெயில் கூண்டின் எந்த மூலைக்கு வந்திருக்கும் என்று ஒரு கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வந்து தார்ப்பாயை இறக்கிவிட்டாள். அடுத்த நாள் காலையில் மறுபடி சுருட்டிக் கட்டினாள். இந்த முறை காற்றைப் பற்றியெல்லாம் நினைக்கவில்லை.

கோழிக்கு வெயில் பிடித்திருந்தது. ஒரு காலை நீட்டி, ஒரு இறக்கையை விசிறி போல மண்ணில் பரப்பி, அலகைத் திறந்து கிடந்தது. பிறந்ததிலிருந்து நிழலிலேயே வளர்ந்த பெண். வெளியே வந்த சந்தோஷம் என்று அவள் சொல்லிக்கொண்டாள். அதில் பொய்யும் இல்லை.

நடுவில் ஒரு நாள் பாப்பா போன் செய்தாள். குரல் கம்மியிருந்தது.

"கல்லு எடுத்துட்டாங்க அண்ணி. வலியில ரொம்பத் துடிச்சிட்டாரு. நான் சரியாத் தூங்கியே நாளாச்சு."

"நீ உடம்பப் பாத்துக்கோ. இங்க எல்லாம் நான் பாத்துக்கறேன்."

"நீங்க இருக்கீங்கன்னுதான் கோழி நெனப்பே எனக்கு வரல."

போனை வைத்தபோது உச்சிவெயில். பாப்பா வீட்டுக்கு நடந்தால் கடையிலிருந்து அதிக தூரமில்லை. சாவி பைக்குள்தான் இருந்தது. அவள் அடுத்த லென்ஸை எடுத்துச் சக்கரத்தில் வைத்தாள்.

பாப்பா திரும்பி வந்ததும் கோழியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். முதுகில் வெள்ளை, பழைய வேட்டியின் நிறத்துக்கு வந்திருந்தது. தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, சோப்பு நுரையில் குளிப்பாட்டினாள். அண்ணியும் கூடவே நின்று துண்டு எடுத்துக் கொடுத்தாள். காய்ந்த பிறகும் பழுப்பு போகவில்லை. பாப்பா தார்ப்பாயை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஈரத் துண்டைக் கொடியில் போட்டாள். கேட்டால் சொல்வதற்கென்று அண்ணி வைத்திருந்த பதிலுக்கு வேலை வரவில்லை.

கண்காட்சியில் நடுவர், வயதானவர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்தக் கோழியின் முன்னால் வெகுநேரம் நின்றார். மற்ற கூண்டுகளைப் பார்த்துவிட்டு மறுபடி அதனிடமே வந்தார்.

"இவ்வளவு சுத்தமான விளிம்பப் பாத்து ரொம்ப நாளாச்சும்மா. யாரு இத வெயில்ல போட்டது?"

பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள். "என் கவனக்குறைவுதான் சார்."

முதல் பரிசு அண்ணியின் கோழிக்கு. முதலில் கைதட்டியது பாப்பா. அதைப் பார்த்துத்தான் கணவன் தட்டினான். கோப்பையை வாங்கும்போது அவள் தன் கோழியை ஒரு தடவை பார்த்தாள். விளிம்பு மெலிந்து, பென்சில் கோடு மாதிரி இருந்தது. இதைக்கூட நடுவர் பார்த்திருப்பார்.

கொஞ்ச நாளில் பாப்பா கூண்டோடு வாசலில் வந்து நின்றாள். உள்ளே கரிச்சட்டியின் மகள்.

"இறகு உதிர்க்க ஆரம்பிச்சுட்டா அண்ணி. புதுசு முளைச்சுதுன்னா வெள்ளை திரும்பிடும். அதுவரைக்கும் இங்க இருக்கட்டும்."

"ஏன், உங்கிட்டயே இருக்கட்டுமே."

"எங்க வீட்ல தார்ப்பாய் நிக்க மாட்டேங்குது."

கோழியைப் பார்த்தபடிதான் சொன்னாள். முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. "அடுத்த வருஷம் கண்காட்சிக்கு முன்னாடி வந்து எடுத்துக்கறேன். உங்களமாதிரி யாரு பாத்துப்பா?" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அது நம்பிக்கையா தண்டனையா என்று அண்ணிக்குப் பிடிபடவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிற விஷயமாகவும் இல்லை.

பழுப்பேறிய இறகுகள் பின்கட்டெல்லாம் பறந்தன. பெருக்கப் பெருக்க வந்தன. கோழி கொஞ்ச நாள் பார்க்கச் சகிக்காமல் அங்கங்கே மொட்டையாகத் திரிந்தது. பிறகு முதுகில் குச்சி குச்சியாக முளை கட்டியது. உறை பிரிந்து ஒவ்வொன்றாக விரிந்தபோது, கணவன் பல் தேய்த்துக்கொண்டே பின்கட்டிலிருந்து கூப்பிட்டான்.

"இங்க வந்து பாரேன். வெள்ளைன்னா இதுதான் வெள்ளை."

அவள் போகவில்லை. அவளுக்குத் தெரியும். அவன் எழுவதற்கு முன்பே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். போன வருஷத்தைவிட விளிம்பு இன்னும் கெட்டியாக இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது கோழியைச் சற்று வெளியே திறந்துவிட்டாள். சுவரோர நிழல் சுருங்கி, வெயில் முற்றத்தின் பாதிக்கு வந்திருந்தது. கோழி நேரே அங்கே போய், மண்ணைக் கிளறி, ஒரு இறக்கையை விரித்துச் சாய்ந்தது. அவள் தட்டைக் கையில் வைத்தபடியே போய், சூரியனுக்கு முதுகு காட்டி நின்றாள். அவள் நிழல் கோழியின் மேல் விழுந்தது. கோழி எழுந்து, உதறிக்கொண்டு, நாலடி தள்ளி வெயிலில் போய்ப் படுத்தது. அவளும் நகர்ந்தாள்.