பார்க்காத மாடுகளின் கணக்கு

"மேடம், நீங்க கண்ணால பார்த்தது பதினொண்ணு. அறிக்கையில எழுதியிருக்கிறது நாற்பது. மிச்சத்தை எல்லாம் கனவுல பார்த்தீங்களா?"

படகுத்துறை கட்ட வந்த கம்பெனியின் வக்கீல் கேட்டார். விசாரணைக் கூடம் கொல்லென்று சிரித்தது. கட்டுமான அனுமதி கொடுக்கும் கடலோரக் குழுவின் தலைவர்கூடச் சிரிப்பை அடக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேசுமேடையில் நின்றிருந்தவளுக்கு மட்டும் காது மடல் சுட்டது.

அவள் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் உயிரியல் ஆய்வாளர். விரிகுடாவின் மேல் டிரோன் பறக்கவிட்டு, அடியில் வளரும் கடல்புல்லை மேய வரும் கடற்பசுக்களை இரண்டு வருஷமாக எண்ணி வந்தாள். யானையைப் போன்ற தோலும், மூச்சுவிட மட்டும் மேலே வரும் மூக்கும், குட்டிக்குப் பாலூட்டும் வழக்கமும் கொண்ட பிராணி. கம்பெனியின் தூண்கள் இறங்கப்போவது சரியாக அந்தப் புல் மேல்.

"சார், அது மீன் இல்ல, மாடு. மூச்சுவிட வரும், மறுபடி முங்கிடும். ஒரு நேரத்துல மேல இருக்கிறது கொஞ்சம்தான். இந்தக் கட்டட வாசல்ல நின்னு, வெளியே வர்றவங்களை மட்டும் எண்ணிட்டு, உள்ளே யாருமே இல்லைன்னு எழுதுவீங்களா? எத்தனை நேரம் முங்குது, எத்தனை நேரம் மிதக்குதுன்னு அளந்து வச்சிருக்கோம். அதை வச்சுத்தான் கணக்கு."

"உள்ளே இருக்கிறவங்க கையெழுத்துப் போட்டுட்டுப் போறாங்க மேடம். உங்க மாடு போடுதா?"

மறுபடி சிரிப்பு. மைக் வேறு கீச்சென்று கத்தியது.

"ஆக, எத்தனைன்னு நிச்சயமா தெரியாது. அப்படித்தானே?" என்றார் தலைவர்.

"இருக்கு சார். அதுல சந்தேகமே இல்லை. முப்பதுக்குக் குறையாது, ஐம்பதுக்கு மேல போகாது. நடுவுல நாற்பது."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். நிச்சயமா தெரியாது." பக்கத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த குமாஸ்தாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

கம்பெனியின் ஆலோசகன் பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். கடல் உயிரியல் படிக்க வந்தவனுக்கு நீந்தத் தெரியாது. அதனாலேயே கல்லூரியில் அவனுக்கு 'நீச்சல்' என்று பேர். இந்த விரிகுடாவில் கடற்பசுவே இல்லை என்று அறிக்கை கொடுத்தவன் அவன்தான். தண்ணீர் கலங்கிக் கிடக்கும் பருவத்தில் போய்ப் பார்த்தால் கப்பல் முங்கிக் கிடந்தாலும் தெரியாது. அவனுக்கும் அது தெரியும். தெரிந்துதான் குனிந்திருந்தான்.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே பேச்சு. மாடியில் அவள், கீழே அக்கா குடும்பம். அக்காவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர். படகுத்துறைக்குக் கல் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டும் வேலை தனக்கு வரும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாட்டு டாக்டர். என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க மாமா."

"ஒரே ஒரு வரி எழுதேன். 'கொஞ்சம் தள்ளிப் போயிடும்'னு. கடல் என்ன சின்னதா? மாட்டுக்குக் காலா இல்ல?"

"மாட்டுக்குக் காலே கிடையாது மாமா. மாடு போனாலும் புல் போகாது. புல் இல்லாத இடத்துல போய் அது எதைத் தின்னும்? கல்லையா?"

"ஏங்க, அவளே நொந்து போய் வந்திருக்கா" என்று அக்கா அவரை அதட்டிவிட்டு, அவள் பக்கம் திரும்பினாள். "நீயும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தா என்னடி? உன் சம்பளமா போகுது?"

வாயைத் திறந்தால் சண்டை வரும். அவள் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

கூட்டக் குறிப்பு வந்தபோதுதான் உண்மையில் தலை சுற்றியது. 'விரிகுடாவில் கடற்பசுக்கள் இருப்பது நிச்சயமில்லை என ஆய்வாளர் ஒப்புக்கொண்டார்.' ஒப்புக்கொண்டாராம்! காகிதத்தை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

இயக்குநர் படித்தார், பெருமூச்சு விட்டார், மின்விசிறியைப் பார்த்தார். "ஒரு வார்த்தை முன்னே பின்னே போயிருக்கு. பெரிசு பண்ணாதே. நிலையத்துக்கு அடுத்த வருஷப் பட்ஜெட் அந்தக் குழு கையிலதான் இருக்கு."

"சார், 'எத்தனைன்னு தெரியாது'க்கும் 'இருக்கான்னே தெரியாது'க்கும் ஒரு வார்த்தைதான் வித்தியாசமா?"

அவர் காகிதத்தைத் திருப்பி நீட்டினார். "நீ போய்க் கேளு. நான் அனுப்பினதா சொல்லாதே."

குழு அலுவலகத்துக்குப் போனாள். "நான் தட்டறவன் மேடம். காதுல விழுந்ததைத் தட்டினேன்" என்றார் குமாஸ்தா. ஒலிப்பதிவைத் தரச் சொல்லிக் கேட்டாள். பதிவு அலமாரியில் இருக்கிறது, அலமாரிச் சாவி ஒருவரிடம், அவர் விடுப்பில். அவர் திரும்பி வந்தபோது எழுத்து மூலம் மனு வேண்டும் என்றார்கள். மனுவோடு போனபோது தலைவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். தலைவர் வெளியூரில். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு அந்த அலுவலகத்தின் டீ வருகிற நேரம், பெருக்குகிற நேரம், பொய் சொல்கிற நேரம் எல்லாம் அத்துப்படியாகிவிட்டது. கடலில் மாடு மேலே வரக் காத்திருப்பது இதைவிட எவ்வளவோ மேல். மாடு கட்டாயம் வரும்.

கடைசியில் அவள் மூஞ்சியைப் பார்க்கச் சலித்துப்போய்த்தான் அலமாரியைத் திறந்தார்கள். தலைவர் முன்னால் பதிவு ஓடியது. மைக்கின் கீச்சு, சிரிப்பு, அதற்கு நடுவே அவள் குரல்: "இருக்கு சார். அதுல சந்தேகமே இல்லை."

தலைவர் தாடையைச் சொறிந்தார். "சரி, திருத்திடலாம். ஆனா ரெண்டு பக்கமும் ரெண்டு அறிக்கை வச்சுக்கிட்டு நாங்க என்னம்மா செய்யறது? நீங்களும் கம்பெனி ஆலோசகரும் ஒரே படகுல போய்ப் பாருங்க. ரெண்டு பேரும் கண்ணால பார்த்ததை மட்டும் எழுதுங்க. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க."

"சார், கண்ணால பார்த்தது மட்டும்னா மறுபடி பதினொண்ணுதான் வரும். முங்கினது கணக்குல வராதே!"

"பார்க்காததை எப்படிம்மா எழுதறது?"

முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. மேஜையைக் கவிழ்க்கலாம் போல வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றாள். தண்ணீர் தெளிந்திருக்கும் பருவத்தில்தான் போக வேண்டும் என்ற ஒன்றை மட்டும் எழுதி வாங்கினாள்.

படகில் அவளுடைய பழைய வகுப்புத் தோழன் 'நீச்சல்', ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு மிதவைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான். அவள் டிரோனை ஏற்றினாள். திரையில் பச்சைத் தண்ணீர், அதற்கு அடியில் கறுத்த புல். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு பழுப்பு முதுகு. அப்புறம் தள்ளி இரண்டு. மூச்சு விட்டன, முங்கின.

"மூணு" என்றான். "எழுதிக்கிறேன். போலாமா?"

"எங்கே போலாம்? இங்கே பாரு."

அவள் விரல் காட்டிய இடத்தில் தண்ணீருக்குள் புகை மாதிரி சேறு கிளம்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் வரிசையாக, யாரோ அடியில் உழுதுகொண்டு போவது போல.

"புல்லை வேரோட பிடுங்கித் தின்னும்போது சேறு கிளம்பும். நீயும்தானே படிச்சே? இதை என்னன்னு எழுதப்போறே? தண்ணி கலங்கியிருந்ததுன்னா?"

அவன் திரையையே பார்த்தான். கம்பெனியிடம் வாங்கும் வேலையை நினைத்தானோ என்னவோ, தொண்டையைக் கனைத்தான். "கீழே ஏதோ மேயுது."

"ஏதோ இல்ல. பேர் சொல்லு."

"ஏன் இப்படிக் கழுத்தறுக்கறே?"

"நீ எழுதற வரைக்கும் படகு திரும்பாது. நீந்திப் போறதுன்னா போ."

அவன் முறைத்தான். படகு ஆடியது. மிதவைச் சட்டையைப் பிடித்துக்கொண்டே எழுதினான்: 'பார்த்தவை மூன்று. நீருக்கடியில் மேய்ந்துகொண்டிருந்தவை இதைவிட அதிகம். எண்ணிக்கையைக் கணித்துத்தான் சொல்ல முடியும்; நேரில் எண்ணிச் சொல்ல முடியாது.' கையெழுத்தும் போட்டான்.

அந்த மூன்று வரி வேலை செய்தது. அதன் பிறகு கம்பெனி அவனைக் கூப்பிடவில்லை. குழு உத்தரவு போட்டது: படகுத்துறை புல் இல்லாத பாறைப் பக்கத்துக்கு மாற வேண்டும்.

கீழே மாமா குதூகலமாக இருந்தார். "பாறைப் பக்கம்னா தூரம் அதிகம். எனக்கு வேலை கூடுதல். உன் மாட்டைக் கும்பிடணும்!" அக்காகூட அவள் தலையைத் தடவினாள்.

அவள் உத்தரவைக் கடைசி வரி வரை படித்துக்கொண்டிருந்தாள். கடைசிக்கு முந்தின வரியில் இருந்தது: படகுகள் வந்துபோகும் வழி, தோண்டி ஆழப்படுத்தப்படும். வரைபடத்தில் அந்த வழி புல்வெளியின் ஓரத்தை நெடுக அறுத்துக்கொண்டு போனது. கீழே மாடுகள் மேயும்; அவை மூச்சுவிட வருகிற இடத்தில் படகு, அடிவிசிறி சுழல ஓடும்.

"எல்லாம் நல்லாத்தானே முடிஞ்சிருக்கு? ஏன் மூஞ்சியை அப்படி வச்சிருக்கே?" என்றார் மாமா.

"பாதிதான் மாமா முடிஞ்சிருக்கு."

மறுநாள் ஆட்சேபணை மனுவோடு போனபோது, இயக்குநர் அதைத் தொடாமலே "மறுபடியுமா?" என்றார். அதைக் கொடுக்கக் குழு அலுவலகத்துக்குப் போனாள். குமாஸ்தா நிமிர்ந்து பார்த்துவிட்டு, பெஞ்சில் இருந்த கோப்புகளை அவளுக்காக ஒதுக்கி வைத்தார். தலைவர் வெளியூரில் இருந்தார்.