மாஸ் எஸ்ரிக்கின் ஆண் செடி

1

இந்தக் கதை செவ்வாய்க்கிழமை காலையில், என் தண்ணீர்த் தொட்டியின் மேல் தொடங்கியது. பாசி சுரண்டத்தான் ஏறினேன். அங்கே நின்றால் எதிர்மேட்டில் மாஸ் எஸ்ரிக்கின் கஞ்சா வயல் முழுதும் தெரியும். (ஜமைக்காவில், எங்கள் வெஸ்ட்மோர்லாந்துப் பக்கம் வயதான ஆண்களை 'மாஸ்' போட்டுத்தான் கூப்பிடுவோம். கோபத்தில் இருக்கும்போதும் அப்படித்தான்.) மனிதர் ஒரு செடிக்கு மூங்கில் முட்டுக் கொடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். மற்றவற்றைவிட ஒரு முழம் உயர்ந்து ஒல்லியாக நின்றது அது. ஆண் செடியோ என்ற சந்தேகம் தீர, அவர் வயலின் கீழ்வரப்பை ஒட்டிய ஓடைவரை போய் எட்டிப் பார்த்தேன். ஆண் செடியேதான். மகரந்தப் பைகள் கொத்துக் கொத்தாகக் கட்டியிருந்தன, இன்னும் வெடிக்கவில்லை.

வெடித்தால் மஞ்சள் தூள் காற்றில் ஏறும். கீழே எங்கள் ஏழு வீட்டுப் பெண் செடிகளிலும் விதை கட்டிவிடும். விதை கட்டிய பூவை, மருந்துக்கு வாங்க வருகிற ஆள் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டான். பை வெடிக்க நாலு நாள் இருக்கிறது, மிஞ்சிப்போனால் ஐந்து.

ஓடையைத் தாண்டினால் அவர் வீட்டுக்கு இருபது நிமிட ஏற்றம். நான் தாண்டவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து இதை எழுத உட்கார்ந்தேன். இன்று வெள்ளிக்கிழமை.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "மழை பெய்து ஓய்ந்த அந்த மலைச்சரிவில், தனிமையே உருவெடுத்ததுபோல ஒரு மனிதர்..."

அடித்துவிட்டேன். மழை பெய்து பன்னிரண்டு நாளாகிறது. தனிமைக்கு உருவமெல்லாம் கிடையாது, அவர் முழங்கால் வலிக்காரர், அவ்வளவுதான்.

இரண்டாவது: "எஸ்ரிக்கின் மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷமாகிறது. அன்றிலிருந்து அவர்..."

அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. உங்களை இரக்கப்பட வைக்க நானாக ஒரு பெண்ணைக் கட்டிவைத்து, ஒரே பத்தியில் சாகடித்தும் விட்டேன். யாரையும் இழக்காத ஆளுக்கு யார் உச்சுக்கொட்டுவார்கள் என்ற பயம்தான். அவரிடமிருந்து யாரும் பறிக்கப்படவில்லை. வந்துகொண்டிருந்தவர்கள் வராமல் போனார்கள். அதற்கு ஒப்பாரியும் கிடையாது, ஒன்பதாம் இரவுச் சடங்கும் கிடையாது.

மூன்றாவது: "தீர்மானம் எண் நான்கு."

இதை அடிக்க மனம் வரவில்லை. நான் எங்கள் விவசாயிகள் சங்கத்தின் காரியதரிசி. என் கை எழுதிப் பழகியது அதைத்தான்.

3

எங்கள் மலையில் ஒரு வழக்கம் இருந்தது. ஆகஸ்டில் செடிகள் ஆணா பெண்ணா என்று காட்டத் தொடங்கியதும், யாரும் தன் வயலில் தானே ஆணைப் பிடுங்கக்கூடாது. அக்கம்பக்கத்தார் வந்துதான் பிடுங்க வேண்டும். விதை போட்டு வளர்த்தவனின் கண் அவனையே ஏமாற்றும், 'இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம், பெண்ணாகத்தான் இருக்கும்' என்று சொல்லும். அதனால் அடுத்தவர் கண். வரிசைக்கு ஒருவராக நடப்போம், வாய் ஓயாமல் கேலி பேசுவோம். வயல்காரர் அன்றைக்கு அடுப்பை விட்டு நகரக்கூடாது, வந்தவர்களுக்கு வயிறாரப் போட வேண்டும். எட்டு வீடு, எட்டு நாள்.

பிறகு கடையில் ஆண் பிறக்காத விதை வந்தது. அதை முதலில் வாங்கியது நான்.

(பழைய விதைக்கு வக்காலத்து வாங்கும் கதை என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். கடை விதை சீக்கிரம் பலன் தருகிறது. எங்கள் ஊர்ப் பகலின் நீளம் அதற்குப் போதாமல் முழங்கால் உயரத்திலேயே பூக்கப் பார்க்கும், முதல் மாதம் வயலில் பல்பு கட்டித் தொங்கவிட வேண்டும். அக்டோபர் மழையில் பூஞ்சை பிடிக்கும். ஆனாலும் நான் திரும்பிப் போகமாட்டேன்.)

மாஸ் எஸ்ரிக் மட்டும் மாறவில்லை. குகையிலிருந்து வௌவால் எச்சத்தை மூட்டை கட்டித் தலையில் சுமந்து வருவார். ஆட்டுப் புழுக்கையை ஊறப்போட்டு ஊற்றுவார். தரை தெரியாமல் வாழைச் சருகு பரப்பி, நத்தைக்குச் சாம்பல் தூவி, பூச்சிக்கு வேப்பிலைத் தண்ணீர் தெளிப்பார். அவருடைய பெண் செடி நிறையப் பூக்க நவம்பர் ஆகும், அறுக்க கிறிஸ்துமஸ் தாண்டும். ஆனால் பூஞ்சை ஒரு வருஷம்கூட அதை அண்டியதில்லை. அதில் எங்களுக்கு உள்ளூர எரிச்சல்தான்.

ஏழு வயலில் ஆண் செடியே இல்லை என்றான பிறகு, யார் யார் வயலுக்குப் போவது? முதல் வருஷம் அவர் மாதாகோயில் வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கேட்டார்.

"சனிக்கிழமை நம்ம வயலுக்கு வர்றீங்கள்ல?"

"உங்க ஒருத்தருக்காக ஏழு பேரு மலை ஏறணுமா, மாஸ் எஸ்ரிக்? நீங்களே பிடுங்கிப் போட்டுடுங்களேன்," என்றான் லின்வல். எங்கள் சங்கத் தலைவன், நல்லவன்தான், தொண்டைதான் பெரிசு.

"என் கண்ணு சரியில்லப்பா."

"கண்ணாடி போடுங்க."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். இப்படி மூன்று வருஷம் கேட்டார். நாலாவது வருஷம், அதாவது போன வருஷம், கேட்கவில்லை. ஒரு ஆண் செடியை நிற்க விட்டுவிட்டார்.

4

ஏழு வயலும் போனது. நான் அந்த விளைச்சலை நம்பிக் கூரையைப் பிரித்துப் போட்டிருந்தேன். பூவைப் பிதுக்கினால் உள்ளங்கையில் விதை கொட்டியது. உட்கார்ந்து அழுதேன்.

அன்று மாலை சங்கம் கூடியது. லின்வல் நீளக் கத்தியை மேசைமேல் வைத்தான்.

"நான் போறேன் மேல. கெழவனை நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன்."

"நாங்களும் வர்றோம்," என்றார்கள் மற்றவர்கள்.

அப்போது ஒருவன் சொன்னான், "போய்த் திட்டினா அவருக்குக் கொண்டாட்டம். ஆள் வரணும்னுதான் செஞ்சிருக்கார். ஒருத்தரும் போகாதீங்க, அதுதான் தண்டனை."

[ஒருவன் சொன்னான் என்று இந்தக் கதையின் மூன்று படிகளில் எழுதியிருக்கிறேன். இன்னொரு படியில் அந்த வார்த்தையை லின்வல் வாயில் போட்டுப் பார்த்தேன், பொருந்தவில்லை. அவனுக்கு அவ்வளவு தூரம் யோசிக்க வராது. சொன்னது நான். எட்டுப் பேர் மலையில் அந்த மனிதரைப் புரிந்துகொண்டது நான் ஒருத்திதான். புரிந்ததை வைத்து எங்கே அடித்தால் வலிக்கும் என்று காட்டிக்கொடுத்தேன்.]

தீர்மானம் எண் நான்கு நிறைவேறியது. அதை அவரிடம் சேர்ப்பிக்க வேண்டியதும் காரியதரிசி வேலை.

5

மறுநாள் சனிக்கிழமை போனேன். வாசலிலேயே தேங்காய்ப்பால் கொதிக்கும் வாசனை. பெரிய பானையில் உப்புமீன் குழம்பு, ஒரு சட்டி நிறைய அவித்த கிழங்கு, சுட்ட சீமைப்பலா. மேசையில் ஏழு தட்டு. அந்த ஆண் செடி அடுப்படி வாசலை ஒட்டி, கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. கண் சரியில்லாதவர்கூட முட்டிக்கொள்ளும் இடம்.

"வா வா, மிஸ் வின்ஸம். மத்தவங்க பின்னால வர்றாங்களா?"

"யாரும் வரலை, மாஸ் எஸ்ரிக்."

"லின்வல்கூடவா? அவன் கத்தாம இருக்கமாட்டானே."

"கத்தறதுக்கும் வரமாட்டாங்களாம். தீர்மானம் போட்டிருக்கு. யாரும் உங்ககூடப் பேசக்கூடாது, இந்த ஏற்றம் ஏறக்கூடாது."

காகிதத்தை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடி இல்லாமலே கடைசி வரிவரை படித்தார்.

"யார் எழுதினது?"

"நான்தான்."

"எழுத்து அழகா இருக்கு."

"ஏன் இப்படிப் பண்ணீங்க? என் கூரை போச்சு, தெரியுமா?"

"தெரியலை, மிஸ் வின்ஸம். கண்ணுல படலை." செடியைப் பார்க்காமலே சொன்னார். பிறகு, "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போயேன். இவ்வளவையும் நான் என்ன செய்யறது?"

"நேரமாச்சு."

[முதல் படியில் சாப்பிட்டேன். குழம்பில் மிளகாய் தூக்கல் என்றுகூட எழுதினேன். பொய். நான் உட்காரவே இல்லை. வாசலைத் தாண்டும்போது பின்னால் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிற சத்தம் கேட்டது.]

6

என் கதாபாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம் உண்டு. ஒருவேளை உண்மையிலேயே விதைக்காகத்தான் ஒரு ஆணை நிறுத்தினாரோ? இல்லை. விதைக்கு ஒரு செடியைத் தனியாக, மேட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் வைப்பார், இருபத்தாறு வருஷமாக எனக்குத் தெரியும். எங்கள்மேல் ஆத்திரமோ? ஆத்திரக்காரர் ஏழு பேருக்குச் சமைப்பாரா?

வேறு காரணம் கிடைத்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். தேடுகிறேன், கிடைக்கவில்லை. இந்த வருஷம் என்ன நினைத்து நிறுத்தியிருக்கிறார் என்பதும் தெரியவில்லை. பத்து மாதமாக அவர் குரலை இந்த மலையில் யாரும் கேட்கவில்லை. கடைக்கு வருவார், சாமானைக் கைகாட்டுவார், போவார். நாங்கள் தீர்மானத்தை எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தோம் தெரியுமா? எங்கள் சங்கம் வேறு எதையும் இப்படிக் கடைப்பிடித்ததில்லை.

7

முடிவுகள்.

அ) லின்வலிடம் சொல்கிறேன். தீர்மானமாவது ஒன்றாவது என்று அவன் கத்தியோடு ஏறி, ஆண் பெண் பார்க்காமல் வயலையே வெட்டிச் சாய்க்கிறான். மாஸ் எஸ்ரிக் அவனுக்கும் ஒரு தட்டு எடுத்து வைக்கிறார். (எடுத்து வைப்பார். அதனால்தான் லின்வலிடம் சொல்லவில்லை.)

ஆ) யாரிடமும் சொல்லாமல் இருக்கிறேன். பை வெடிக்கிறது. அவர் மறுபடி பானையை ஏற்றிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு...

இதை முடிக்க என்னால் முடியவில்லை.

இ) நான் போகிறேன். 'உங்க கண்ணு சரியில்லைன்னு சொன்னீங்களே, நான் வந்திருக்கேன்' என்கிறேன். வரிசை வரிசையாக நடந்து, ஆண் செடியைப் பிடுங்கிப் போடுகிறேன். கை கழுவிவிட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். நான் எழுதிய தீர்மானத்தை நானே மீறியதாகச் சங்கத்தில் என்னைத் தள்ளிவைக்கிறார்கள். அடுத்த வருஷம் இந்த மலையில் யாரும் பேசாத ஆள் ஒன்றுக்கு இரண்டாகிறது.

மூன்றாவது உங்களுக்குப் பிடித்திருக்கும். எனக்கும் பிடித்திருக்கிறது. நேற்று அதைத்தான் எழுதினேன், ஆறு பக்கம். நன்றாகவே வந்தது. அவர் சிரிக்கிற இடத்தில் எனக்குக் கண் கலங்கியது. எழுதி முடித்ததும் மனசு லேசாகி, குளித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.

இன்று காலை எழுந்தபோதுதான் உறைத்தது, நான் எங்கேயும் போகவில்லை.

ஆறு பக்கத்தையும் அடுப்பில் போட்டேன். மதியத்திலிருந்து காற்று எழுந்திருக்கிறது, மேட்டிலிருந்து கீழ்நோக்கி அடிக்கிறது. பை இன்னும் வெடிக்கவில்லை என்று நினைக்கிறேன், போய்ப் பார்த்தால்தான் தெரியும். முடிவு வேண்டும் என்று கேட்பீர்கள். நான் ஓடையைத் தாண்டினேன் என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும், நீங்கள் நம்பிவிடுவீர்கள். நானும் நம்பிவிடுவேன். அப்புறம் போகமாட்டேன்.

அதனால் அந்த வரியை எழுதவில்லை.