திருப்பி வைத்த வளைவு

1.

இந்தக் கதை ஒரு வசையிலிருந்து பிறந்தது. மரத்தச்சர்கள் ஊரான ஜெபாராவில் எங்கள் பக்கத்து வீட்டுக் கஸ்மினா, தச்சு வேலை செய்யும் தன் கணவன் வகியோவிடம் கத்தினாள்:

"புள்ளைய முழுங்குன நாற்காலிய இன்னும் எதுக்குங்க வாசல்ல வச்சிருக்கீங்க?"

சுவருக்கு இந்தப் பக்கம் வறுத்த சோயாத் தெம்பேயும் சோறுமாக உட்கார்ந்திருந்தேன். வெட்கமில்லாமல் காது கொடுத்தேன். கதைக்காரனுக்கு அடுத்த வீட்டுச் சண்டை ஓசிச் சாப்பாடு.

2.

முதலில் எழுதிய தொடக்கம்: 'தேக்கு மணம் கமழ்ந்த அந்தக் காலையில்...' கமழட்டும், விடுங்கள்.

கஸ்மினாவுக்கு அப்போது ஏழு மாதம். அவளுக்காக வகியோ ஆடும் நாற்காலி செய்தான். அடியில் வைக்க இரண்டு வளைவுக் கால்கள் வேண்டும். இருந்ததோ ஒரே பலகை. வளைவாக வெட்டிய அட்டை அச்சை வைத்து முதல் காலைப் பலகையில் வரைந்தான். மரத்தின் ரேகையோடு வளைவும் ஓடியது. மிச்சப் பலகையில் ரேகை எதிர்ப்பக்கம் வளைந்திருந்தது; இரண்டாவதற்கு அச்சைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் வளைவை ரேகை குறுக்கே வெட்டும். ஆள் உட்கார்ந்தால் முறியும்.

"மரத்தோட வேர்ப்பக்கம் ஒண்ணு முன்னால, ஒண்ணு பின்னால வந்தா புள்ளைக்கு ஆகாதும்பாங்களேங்க. வயித்துல புள்ளய வச்சிக்கிட்டு அதுல உக்காரவா?"

"சரி, திருப்பல. நீ போய்ப் படு."

அவள் போனதும் திருப்பினான்.

[இங்கே அவனை அயோக்கியனாக்கி இரண்டு வரி எழுதினேன். அடித்துவிட்டேன். அவள் விழுந்துவிடுவாளே என்றுதான் பயந்தான்.]

நாற்காலி கல்லாக நிற்கிறது. குழந்தை இறந்து பிறந்தது. அடக்கம் செய்துவிட்டு வந்தவன், "திருப்பித்தான் வச்சேன்" என்று அவளிடம் அவனே உளறினான்.*

* மரத்துக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை. அது அவனுக்கும் தெரிந்திருந்தது, அன்றுவரை.

3.

மாற்று முடிவு: அச்சை அவன் திருப்பவில்லை. கால் முறிகிறது. கஸ்மினா விழுகிறாள், வயிற்றில்... இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

எழுதுவது தெரிந்து அவளே வந்தாள்.

"உங்க கதையில அவரு திருப்பாம வைக்கட்டும்ணே."

"முறிஞ்சிடுமே தங்கச்சி."

"முறியட்டும். நான் விழுறேன். எங்கிட்ட பொய் சொல்லாத மனுசன் மடியில படுத்து அழுதுக்குறேன்."

அவள் போனதும் வகியோ வந்து நின்றான்.

"அவள விழ மட்டும் வச்சிராதீங்கண்ணே."

4.

பலகை கிடக்கிறது. அதன்மேல் அச்சு. வகியோ பென்சிலோடு குனிந்திருக்கிறான். எந்தப் பக்கம் வைப்பது என்று நீங்களே அவனிடம் சொல்லிவிடுங்கள். நான் பக்கத்து வீட்டுக்காரன். விடிந்தால் இருவர் முகத்திலும் விழிக்க வேண்டும்.