பதினைந்தடியா, பதினெட்டடியா

என் கணவருக்குப் படகு வாங்க வேண்டும். அதுவும் கடலே இல்லாத இந்தக் கோரமண்டல் சுரங்க ஊரில் இருந்துகொண்டு. குழாயில் தண்ணீர் வந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் குடத்தோடு ஓடுகிற ஊர் இது. இங்கே ஒருவர் படகு வாங்கப் போகிறேன் என்று சொன்னால், கேட்கிறவர்கள் அவரைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் நிற்கிற என்னைத்தான் பாவமாகப் பார்க்கிறார்கள்.

வாங்கட்டும் என்று நான் என்றைக்கோ சொல்லிவிட்டேன். இருபத்தொரு வருஷம் மஸ்கட்டில் பணக்காரர்களின் படகு என்ஜின்களைக் கழற்றிப் பூட்டியவர். சிரில் கை வைத்தால் செத்த என்ஜினும் ஓடும் என்று அங்கே பெயராம். ஆனால் ஆசைக்கு ஒரு நாள்கூட ஒரு படகில் உட்கார்ந்து போனதில்லை. ஊரோடு வந்துவிட்ட பிறகு ஒரு ஃபைபர் படகு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தமங்கலா பக்கத்து ஏரியில் ஓட்ட வேண்டும் என்று நினைக்கிறார். அனுமதிக் கடிதம் வாங்கியாயிற்று. இழுத்துப் போகப் பழைய ஜீப் ஒன்றும் வாசலில் நிற்கிறது. என் எரிச்சல் படகின் மேல் இல்லை. எந்தப் படகு என்று முடிவு செய்யாமல் ஏழு மாதமாக என் உயிரை எடுக்கிறாரே, அதன் மேல்தான்.

பெங்களூர் கம்பெனியில் இரண்டு அளவு. பதினைந்தடி ஒன்று, பதினெட்டடி ஒன்று. பதினைந்தடியில் ஐந்து பேர் உட்காரலாம், நாற்பது குதிரைசக்தி என்ஜின் போதும். பதினெட்டடியில் எட்டுப் பேர், என்ஜின் இரண்டு மடங்கு, பெட்ரோலும் அப்படியே. திங்கட்கிழமை அவருக்குப் பதினைந்து.

"சின்னது போதும் சாரா. ஏரியிலதான ஓட்டப் போறோம்."

புதன்கிழமை பதினெட்டு.

"அடிப்பக்கம் ஆழமா கீது சாரா. அலைய வெட்டிக்கினு போவும். பதினஞ்சு தூக்கித் தூக்கிப் போடும்."

அந்த ஏரியில் எருமை இறங்கினால்தான் அலை வரும். அதைச் சொன்னேன். கோபித்துக்கொண்டு, விளம்பரத் தாளோடு ஜீப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். கம்பெனியில் ராதிகா என்று ஒரு பெண் இருக்கிறாள். இவர் போன் செய்தால் அவள் வணக்கம்கூடச் சொல்வதில்லை. "ஹேளி சார், ஃபிஃப்டீனா எய்ட்டீனா" என்று கன்னடத்தில் 'சொல்லுங்க' போட்டுத்தான் ஆரம்பிக்கிறாள். அந்தப் பெண்ணின் பொறுமைக்குக் கம்பெனி தனியாகச் சம்பளம் தர வேண்டும்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் தேங்காய் நார்க் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து, பதினெட்டடிப் படகின் அளவுக்கு எங்கள் லைன் வீடுகளின் சந்தில் படம் போட்டார். டிரெய்லரோடு அது சந்து முனையில் திரும்பி எங்கள் வாசலுக்கு வர வேண்டும். வெளியே எங்காவது நிறுத்தினால் என்ஜின் காலையில் இருக்காது. கயிற்றைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் படகின் மூக்கு, முனை வீட்டு பாத்ரூம் சுவரில் போய் இடித்தது. ஒன்றரை அடி இருந்தால் போதும். பதினைந்தடி என்றால் இடிக்காமல் வந்துவிடும்.

அந்த பாத்ரூம் என் கொழுந்தன் எரிக்குடையது. ஏழு வருஷத்துக்கு முன்னால், இவர் மஸ்கட்டில் இருந்தபோது, எரிக் அதைச் சந்துக்குள் மூன்றடி நீட்டிக் கட்டினான். இவர் லீவில் சாமான்களோடு வந்த டெம்போ முனையில் திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. பிரிட்ஜைத் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தவர், தம்பி வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "சந்து முழுக்க முழுங்கிட்டியே" என்றார். "நீ மஸ்கட்ல கீற. இங்க கீறவன் குளிக்க வேணாமா?" என்றான் அவன். அவ்வளவுதான். ஏழு வருஷமாக இரண்டு பேரும் பேசுவதில்லை. நானும் எரிக்கின் மனைவி மரியாவும் தினமும் பேசுகிறோம், மீன் குழம்பு போகிறது, வருகிறது. இவர்கள் மட்டும் ஆராதனையில் ஒரே பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆகவே பதினைந்தா பதினெட்டா என்பது படகைப் பற்றிய கேள்வியே இல்லை. பெரியது வேண்டுமென்றால் தம்பியிடம் போய், ஒன்றரை அடி இடித்துக் கொடு என்று கேட்க வேண்டும். கேட்க வாய் வரவில்லை. சின்னதை வாங்கிவிட்டால் இனிமேல் கேட்கவே காரணம் இருக்காது. அதற்கும் மனசு வரவில்லை. நடுவில் நான்தான் மாட்டிக்கொண்டேன்.

கயிற்றைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு மரியகுழந்தை அங்கிள் வந்தார். தங்கச் சுரங்கத்தில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர்.

"சிரிலு, இன்னாத்துக்கு யோசிக்கிற? பெரிசே வாங்கு. நடுவுல வெட்டி ரெண்டு துண்டா உள்ள கொண்டாந்து பூட்டிக்கலாம். லோகோ என்ஜினையே வெட்டி, கேஜ்ல வெச்சி சுரங்கத்துக்குள்ள இறக்குனவங்க நாங்க. கீழ லெவல்ல பூட்டி ஓட்டல?"

"அங்கிள், அது இரும்பு. இது ஃபைபர். வெட்டுனா தண்ணி பூந்துடும்."

"வாஷர் வெச்சி போல்ட் போடு. எப்பிடி பூரும்?"

என் கணவர் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. கயிற்றின் நடுப்பகுதியை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்து யோசித்தார். படகைப் பற்றி எல்லாம் தெரிந்த மனுஷன், புதுப் படகை நடுவில் வெட்டலாமா என்று யோசித்தார். நாலு வீடு தள்ளியிருக்கிற கதவைத் தட்டுவதைவிட அது சுலபம் என்று தோன்றியது போலும். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த நேரம் பார்த்து, சாயங்கால ரயிலில் இறங்கி எரிக் வந்தான். பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை அவனுக்கு. தன் பாத்ரூம் சுவரில் கயிறு முட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்த்தான். அண்ணனைப் பார்க்கவில்லை. கயிறு கலையாமல் காலைத் தூக்கித் தாண்டி வீட்டுக்குள் போய்விட்டான்.

மறுநாள் குழாயடியில் மரியாவிடம் என் வயிற்றெரிச்சலைக் கொட்டினேன்.

"ஒன்றர அடி மரியா. ஒன்றர அடிக்காக ஏழு மாசமா என்னக் கொல்றாரு. கேக்கவும் மாட்டாரு, வுடவும் மாட்டாரு."

"இவரு மட்டும் இன்னாக்கா, நேத்து ராத்திரி சோறே துன்னல. பாத்ரூம்ல போயி சொவரப் பாத்துக்கினு நின்னாரு" என்றாள் மரியா.

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். என் வாய் சும்மா இருக்காது. வெள்ளிக்கிழமை சாப்பாட்டில் அவர் மறுபடியும் "அடிப்பக்கம் ஆழம்" என்று ஆரம்பித்ததும் தட்டை நகர்த்தி வைத்தேன்.

"நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. இல்லன்னா அந்தப் பேப்பர அடுப்புல போட்டுடுவேன். சத்தியமா."

சனிக்கிழமை நாலு மணிக்கு ராதிகாவுக்குப் போன் செய்து, பதினைந்தடி என்று சொல்லி முன்பணமும் அனுப்பிவிட்டார். பிறகு சந்தில் கிடந்த கயிற்றைச் சுருட்டி எடுத்து வந்தார். சந்தோஷமாக இருப்பார் என்று நினைத்தேன். சுருட்டிய கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். ஏழு மாதக் குடைச்சல் தீர்ந்தது என்று நான்தான் முட்டாள்தனமாக நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிறு காலை, ஆராதனைக்குக் கிளம்புகிற நேரத்தில், சந்தில் சம்மட்டிச் சத்தம் கேட்டது. வெளியே ஓடினேன். எரிக் பனியனோடு நின்று, தன் பாத்ரூமின் மூலையை இடித்துக்கொண்டிருந்தான். ஒன்றரை அடி இல்லை, பக்கச் சுவர் முழுக்கச் சரிந்து, உள்ளே இருக்கிற வாளியும் சோப்பு டப்பாவும் ஊருக்கே தெரிந்தன. என் கணவர் பாதி ஷேவிங்கில் முகமெல்லாம் நுரையோடு வந்து நின்றார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என் எதிரிக்கும் தரக் கூடாது. குழாயடியில் கொட்டியதும் நான், அவரைக் கெடு வைத்து விரட்டியதும் நான். இன்னும் ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும்.

அவர் சொல்ல மாட்டார் என்று தெரிந்தது. நானே சொன்னேன்.

"எரிக், நேத்துதான் சின்னதுக்குத் துட்டு கட்டிட்டாரு."

சம்மட்டி நின்றது. எரிக் இடிந்த செங்கல் குவியலின் மேல் மெல்ல உட்கார்ந்தான். அவன் எழுந்து உள்ளே போய்விட்டால் இனி இந்த ஜென்மத்தில் இவர்கள் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்தேன். அவன் என்னிடம் பேசவில்லை. அண்ணனைப் பார்த்துத்தான் கேட்டான்.

"ஏண்ணா, என்ன ஒரு வார்த்த கேக்கக்கூடாதா?"

"கேட்டிருந்தா ஒடச்சிருப்பியா?"

"கேக்காமலே ஒடச்சிக்கினு கீறேன். பாத்தா தெரில?"

என் கணவர் போய், நுரையோடு, அந்தச் செங்கல் குவியலில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டைப் பையைத் தடவினார். அதில் விளம்பரத் தாள் இருந்தது. தூங்கும்போதும் அதை வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

"நாளைக்கே போன் பண்ணி பெரிசா மாத்திடறேன்டா. முன்பணம்தான குடுத்தேன்."

தாளை வாங்கி, மேலும் கீழும் பார்த்துவிட்டு, எரிக் திருப்பிக் கொடுத்தான்.

"பதினெட்டு இன்னாத்துக்குண்ணா? எட்டுப் பேருக்கு எங்க போவ? பதினஞ்சே போதும். நீயும் நானும்தான."

என் கணவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். நுரையெல்லாம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இல்லடா, அடிப்பக்கம் ஆழமா இருந்தா நல்லது" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

மரியா வாசலில் வாளியோடு நின்றாள். "அக்கா, நாங்க எங்க குளிக்கிறது?" என்றாள். எங்கள் வீட்டுக்குப் போ, தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன் என்றேன். செங்கல் மேல் இரண்டு பேரும் தாளை நடுவில் விரித்து, பதினைந்து, பதினெட்டு என்று மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். ஆராதனைக்கு முதல் மணி அடித்தது, அது அவர்கள் காதில் விழவில்லை.

நீயும் நானும் என்றானே, அது எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஏழு மாதம் இந்தப் படகை வயிற்றில் சுமந்தவள் நான், எனக்கு ஓர் இடம் இல்லையா என்று கேட்க வாயைத் திறந்தேன். இரண்டு பேரின் தோளும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. அதைப் பார்த்துவிட்டு, என் ஆயுசில் முதல் தடவையாக, ஒன்றும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டேன். முதல் சவாரி அவர்கள் போகட்டும். இரண்டாவது சவாரிக்கும் என்னைக் கூப்பிடவில்லை என்றால் அப்புறம் இருக்கிறது.